கமிஷன் இணைப்புகளைத் திருப்பிவிடும் மூன்று வழிகள்: ஒரு கும்பகோணம் தளத்தின் மதிப்பீடு

பித்தளைக் காபி ஃபில்டர், டபரா, மருந்தடிக்கும் ஸ்பிரேயர், நெல் மூடும் தார்ப்பாய் போன்றவற்றை ஒப்பிட்டு எழுதும் சிறு தளம் ஒன்றைக் கும்பகோணத்திலிருந்து நடத்துகிறேன். வாசகர் என் இணைப்பின் வழியே வாங்கினால் எனக்குச் சிறிது கமிஷன் வரும். அதைத் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். கடை தரும் நீண்ட இணைப்பைத் தளத்தின் சொந்த முகவரிக்குள் அடக்கி, தொட்டவுடன் கடைக்குத் திருப்பிவிடும் வழிகளில் மூன்றை இங்கே மதிப்பிடுகிறேன். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் சேர்த்துக்கொள்ளும் பிரெட்டி லிங்க்ஸ், தர்ஸ்டி அஃபிலியேட்ஸ் ஆகிய பிளகின்கள் (கூடுதல் செயலிகள்) இரண்டு. சர்வருக்குக் கட்டளைகள் எழுதி வைக்கும் ஹெச்டிஅக்சஸ் (.htaccess) கோப்பிலேயே எழுதிவிடும் பழைய வழி மூன்றாவது. இவற்றில் எதைப் பரிந்துரைத்தாலும் எனக்குக் காசு வராது.

இத்தகைய கருவி தேவைப்படுவது எதையும் ஒளிப்பதற்காக அல்ல, சிரமமில்லாமல் மாற்றுவதற்காகவே என்பது என் கருத்து. டெல்டாவில் மக்கள் வாங்குவது பருவத்தோடு மாறும். வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவைக்காக ஸ்பிரேயர் தேடி வருவார்கள். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்களே என்ற கவலையோடு நெல்லைக் குவித்துக் காத்திருக்கும்போது தார்ப்பாய்தான் கேட்பார்கள். அதற்குள் முன்பு சுட்டிய பொருள் தீர்ந்திருக்கும், அல்லது விற்பவர் மாறியிருப்பார். பல கட்டுரைகளில் சிதறிக் கிடக்கும் இணைப்பை ஒரே இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறிவிடுகிறது என்பதே இக்கருவிகளின் முதற்பயன். இரண்டாவது பயன் வாட்ஸ்அப்பில் தெரியும். ஊர்க் குழுவில் மூன்று வரி நீளத்துக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு முகவரியைப் போட்டால், "இது என்னங்க, வைரஸ் லிங்க்கா?" என்று கேட்டுவிட்டு யாரும் தொடமாட்டார்கள், தளத்தின் பெயரும் பொருளின் பெயரும் தெரியும் சிறு முகவரியைத் தயங்காமல் திறக்கிறார்கள்.

திருப்பிவிடும்போது சர்வர் பிரவுசருக்கு ஓர் எண்ணையும் அனுப்பும்; எந்தக் கருவியானாலும் அது எந்த எண்ணோடு திருப்பிவிடுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 301 என்பது நிரந்தர மாற்றம். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை நம் சர்வரைக் கேட்காமலேயே பழைய இடத்துக்குப் போய்விடக்கூடும். ஒரத்தநாட்டுக்காரர் ஒருவர் குறுவையின்போது ஸ்பிரேயர் இணைப்பைத் தொட்டிருந்தால், சம்பாவுக்கு நாம் கடையை மாற்றிய பிறகும் அவர் போனில் தீர்ந்துபோன பொருளின் பக்கமே திறக்கலாம். அப்படிப் போன சொடுக்கு நம் கணக்கிலும் ஏறாது. 302, 307 இரண்டும் தற்காலிக மாற்றங்கள் என்பதால் சாதாரணமாக ஒவ்வொரு முறையும் நம் சர்வரைக் கேட்டே போகும். பிளகின்கள் இரண்டிலும் இம்மூன்று எண்களும் இருக்கின்றன. கமிஷன் இணைப்புக்கு 301-ஐத் தேர்ந்தெடுக்க ஒரு நல்ல காரணமும் எனக்குத் தென்படவில்லை.

பிரெட்டி லிங்க்ஸ் எந்த முகவரியையும் சுருக்கித் தரும் பொதுக் கருவி. சொடுக்கு எண்ணிக்கையைப் படிக்க வசதியானது. அதன் கட்டணப் பதிப்பில், குறிப்பிட்ட சொல் வரும் இடங்களைத் தானாகவே இணைப்பாக்கும் வசதி உண்டு. இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 'ஃபில்டர்' என்ற சொல் வரும் போதெல்லாம் கடைக்கு வழி காட்டினால், மகாமகக் கூட்டத்தில் கடைக்கடையாகக் கையைப் பிடித்து இழுப்பது போல் வாசகருக்கு எரிச்சல்தான் வரும். தர்ஸ்டி அஃபிலியேட்ஸ் கமிஷன் இணைப்புக்கென்றே செய்யப்பட்டது. விளக்கு, பாத்திரம், விவசாயக் கருவி என்று இணைப்புகளைப் பிரித்து வைக்கலாம். எழுதும் பக்கத்திலிருந்தே தேடிச் செருகலாம். வேண்டிய இணைப்புகளை மட்டும் நம் முகவரிக்குள் மறைக்காமல், கடையின் முகவரியோடு நேரடியாக விடலாம். கட்டண இணைப்பு என்று தேடுபொறிக்குச் சொல்ல 2019-இல் கூகுள் கொண்டுவந்த 'ஸ்பான்சர்டு' குறியீட்டை இரண்டிலுமே சேர்க்கலாம். இரண்டும் இப்போது கேஸ்ப்ரூஃப் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் போட்டியாளர்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. கமிஷன் இணைப்புக்கு மட்டும் என்றால் தர்ஸ்டியே என் தேர்வு.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பிளகினை நிறுத்திய நொடியில் அது உண்டாக்கிய முகவரிகள் அனைத்தும் செத்துவிடும், வாட்ஸ்அப்பில் என்றோ பகிரப்பட்டவை உட்பட. மேலும், ஒவ்வொரு சொடுக்குக்கும் வேர்ட்பிரஸ் எழுந்து தரவுத்தளத்தைப் பார்த்த பிறகே திருப்பிவிடும் என்பதால், மலிவான ஹோஸ்டிங்கும் வயல்வெளியில் தேயும் சிக்னலும் சேர்ந்தால் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருக்க நேரும்.

ஹெச்டிஅக்சஸ் வழியில் இந்தத் தாமதம் குறைவு. வேர்ட்பிரஸ் விழிப்பதற்கு முன்பே சர்வர் பதில் சொல்லிவிடும். ஓர் இணைப்புக்கு ஒரு வரி: 302 என்ற எண், நம் சிறு முகவரி, கடையின் முகவரி. அப்பாச்சி, லைட்ஸ்பீடு சர்வர்களில் இது நடக்கும். எஞ்சின்எக்ஸ் என்ற சர்வர் இந்தக் கோப்பைப் படிப்பதில்லை. ஒரு வரியில் எழுத்துப்பிழை நேர்ந்தால் தளம் முழுவதும் 500 என்ற சர்வர் பிழையோடு நின்றுவிடும் என்பதால், பழைய கோப்பின் நகலை எடுத்து வைக்காமல் கை வைக்கக்கூடாது. சொடுக்கைக் கணக்கிட சர்வர் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். ஐம்பது இணைப்புக்குள் இருப்பவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

ஒதுக்க வேண்டியவை இரண்டு. ஐஃப்ரேமுக்குள், அதாவது நம் பக்கத்துக்குள் இன்னொரு தளத்தைக் காட்டும் சட்டத்துக்குள், கடையைத் திறந்து, முகவரிப் பட்டையில் நம் பெயரையே காட்டும் முறை முதலாவது. பெரிய கடைகள் பெரும்பாலும் இதைச் சர்வரிலேயே தடுத்துவிடுகின்றன. தடுக்காத இடத்திலும், 2020 முதல் ஐபோனின் சஃபாரி பிரவுசர் மூன்றாம் தரப்பு குக்கீகளை (இன்னொரு தளத்துக்குள் திறக்கும் தளம் வாசகரை அடையாளம் காண வைக்கும் குறிப்புகளை) முழுவதுமாகத் தடுப்பதால் ஐபோன் வாசகர் வாங்கியது கமிஷன் கணக்கில் சேராமல் போகலாம். இரண்டாவது, கேள்விக்குறிக்குப் பின்னால் எந்த முகவரியைக் கொடுத்தாலும் அங்கே அனுப்பிவிடும் சிறு பிஎச்பி நிரல். நம் தளத்தின் பெயரைச் சொல்லி எவரும் போலி வங்கிப் பக்கத்துக்கு ஆள் அனுப்ப அது வாசலைத் திறந்து வைக்கிறது.

அமேசான் இணைப்புகளுக்கு இவை எதுவும் வேண்டாம். வாசகர் எந்தத் தளத்திலிருந்து வருகிறார் என்பதையோ, போகுமிடம் அமேசான் என்பதையோ திருப்பிவிடும் பக்கத்தால் மறைப்பதை அதன் கமிஷன் திட்டமான அசோசியேட்ஸின் விதிகள் அனுமதிப்பதில்லை. கணக்கு மூடப்பட்டால் சேர்ந்த கமிஷனும் கைக்கு வராமல் போகலாம். தர்ஸ்டியில் அவற்றை மறைக்காமல் விடும் வசதியை நான் முக்கியமாகக் கருதுவது இதனால்தான். எந்தக் கடையின் இணைப்பானாலும் கமிஷன் பெறுவதைத் தெரியும்படி எழுத வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கட்டணப் பதிப்புக்குப் பணம் கொடுப்பது யாருக்குத் தகும் என்றால், வெளிநாட்டு வாசகர் மிகுந்த தளங்களுக்கு. டெல்டாவில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெரு அரிது. அங்கிருந்து வரும் சொடுக்கை அந்த நாட்டுக் கடைக்குத் திருப்பிவிடும் வசதி இரண்டு பிளகின்களின் கட்டணப் பதிப்பிலும் உண்டு. ஆனால் அந்த நாட்டுக் கடையில் நாம் எழுதிய பித்தளை ஃபில்டர் இருக்க வேண்டும், அந்தக் கடையின் கமிஷன் திட்டத்திலும் நாம் தனியே சேர்ந்திருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்த பிறகு கட்டணத்தைப் பற்றி யோசித்தால் போதும்.