தாயைப் பிரிந்த பன்றிக்குட்டிக்கு ஓமமா, கடுக்காயா, தவிடா?

தாயிடமிருந்து பிரித்த முதல் வாரம்தான் பன்றிக்குட்டிக்குக் கண்டம். புதுத் தீவனத்தைச் சரியாகத் தொடாது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடல் உறிஞ்சிகள் குட்டையாகிவிடும், வயிற்றில் அமிலமும் போதாது. இ.கோலை கிருமிக்கு இது போதும், தண்ணீராகக் கழிச்சல் தொடங்கிவிடும். ஐரோப்பாவில் இதற்குக் கிலோ தீவனத்துக்கு 2,500 மில்லிகிராம் அளவில் துத்தநாகத்தை ஆக்சைடாகக் கலந்து வந்தார்கள். 2022 ஜூனோடு அது நின்றது. கோலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-லேயே தடை போட்டுவிட்டது. அதனால்தான் இப்போது தாவரப் பொருட்களுக்கு இத்தனை கிராக்கி.

அதிகம் விற்பது ஆரிகானோ, தைம் என்ற மூலிகைகளின் எண்ணெய்கள். அவற்றில் உள்ள கார்வக்ரால், தைமால் இரண்டும் கிருமியின் மேலுறையை உடைக்கக்கூடியவை. நம் ஓம எண்ணெயிலும் முக்கியச் சத்து தைமால்தான். ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொல்வது வேறு, குடலில் கொல்வது வேறு. வெறும் எண்ணெயாகவோ பொடியாகவோ கொடுத்தால் பெரும்பகுதியை இரைப்பையும் சிறுகுடலின் முன்பகுதியுமே உறிஞ்சிக்கொள்ளும். கிருமி கூடுகட்டும் பின்பகுதிக்கு மிச்சம் கொஞ்சம்தான். கொழுப்புப் பூச்சு போட்ட தயாரிப்புக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். பூச்சு இல்லாததற்கு நான் காசு கொடுக்க மாட்டேன். குருணைத் தீவனம் தயாரிக்கும் சூட்டிலும் இந்த எண்ணெய்கள் ஓரளவு பறந்துவிடும்.

பூண்டுப் பொடியின் கதை சுருக்கம். அதில் கிருமியைக் கொல்லும் அல்லிசின் நசுக்கும்போதுதான் உண்டாகும், நிலைத்தும் நிற்காது. ஒரு மூட்டையில் இருக்கும் வீரியம் அடுத்த மூட்டையில் இருக்கும் என்று நம்பமுடியாது.

டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேறு ரகம். ஐரோப்பியர்கள் செஸ்ட்நட் மரச் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். கடுக்காயில் இருப்பதும் அதே வகை, நீரில் சிதையும் டானின். துவர்ப்பு கழிச்சலைக் கட்டும் என்பது உண்மைதான். ஆனால் புரதத்தையும் இரும்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறந்த சில நாளில் இரும்பு ஊசி போட்டு வளர்க்கும் குட்டிக்கு இது சின்ன விஷயமில்லை. கழிச்சல் வரும் நாட்களில் மட்டும், குறைந்த அளவில் என்றால் சரி.

என் ஓட்டு கோதுமைத் தவிட்டுக்கு. 100 கிலோ தீவனத்தில் 4 கிலோ, அதுவும் கரடுமுரடான தவிடு. கையில் எடுத்துப் பார்த்தால் செதில் செதிலாகத் தெரிய வேண்டும், மாவாக ஒட்டக்கூடாது. பெரிய செதில் இருந்தால் இ.கோலை குடல்சுவரில் ஒட்டுவது குறைகிறது. நைசாக அரைத்தால் அந்தப் பலன் மங்குகிறது. முகர்ந்து பாருங்கள்: பூஞ்சை வாடை அடித்தால் அந்த மூட்டையே வேண்டாம், நச்சு குட்டியின் குடலைத்தான் முதலில் தாக்கும்.

எதைப் போட்டாலும் ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டு கொட்டிலாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் போட்டுப் பாருங்கள். காலையில் சாணம் கெட்டியா, இளக்கமா, தண்ணீரா என்று குறித்துவைத்து, இரண்டு வாரம் கழித்து எடை போடுங்கள். குட்டி சோர்ந்து கண் உள்வாங்கினால் சோதனையை நிறுத்திவிட்டு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் (ஓ.ஆர்.எஸ்.) குடிக்கவையுங்கள், அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.