குழுவை விட்டு வெளியேறுவதா, ஒலியை அடக்கிவைப்பதா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 42 பேர். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரியப்பாவின் தாமரைப்பூ வந்து விழும். அதற்குப் பதிலாக வரிசையாகக் கூப்பிய கைகள். போன தீபாவளிக்கு மறுநாள் சித்தி மகன் குழுவை விட்டு வெளியேறினான். பந்தியில் பாதி இலையோடு எழுந்துவிட்டதுபோல அத்தை பதறினார். "நாங்கள் என்னப்பா குறை வைத்தோம்?" என்று தொலைபேசியில் கேட்டார். குறை ஒன்றுமில்லை. ஒரே பட்டாசு வீடியோவை ஏழு பேர் அனுப்பியதில் அவன் கைப்பேசி நிரம்பிவிட்டது. பாதிப் பேர் இப்படித்தான் போகிறார்கள் என்பது என் ஊகம். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு.

2022 முதல் நாம் வெளியேறினால் நிர்வாகிகளுக்கு மட்டுமே அறிவிப்பு போகிறது. ஆனாலும் கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்களின் பட்டியலை உறுப்பினர்கள் பார்க்கலாம். எங்கள் அத்தை கட்டாயம் பார்ப்பார்.

ஒலியடக்கத்தில் இந்த மனத்தாங்கல் இல்லை. எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூன்று தெரிவுகள் உண்டு. யாருக்கும் தெரியாது. ஆனால் தாத்தாவை மருத்துவமனையில் சேர்த்த செய்தியை நான் இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தேன். தாமரைப்பூக்களுக்கு நடுவே அது ஒற்றை வரியாகக் கிடந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே வீட்டு மனை விற்கும் குழுவென்றால் உடனே வெளியேறுங்கள். சொந்தக்காரர்கள் குழுவென்றால் ஒலியை மட்டும் அடக்குங்கள். இரவு படுக்குமுன் ஒருமுறை கீழிருந்து மேல்வரை தள்ளிப் பாருங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.