பழைய லாட்ஜில் அறை எடுக்குமுன் தட்டட்டியைப் பாருங்கள்

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, தென்காசி, சங்கரன்கோவில் என்று நெல்லைச் சீமையின் சின்ன ஊர்களில் ரயிலடியையும் கோர்ட்டையும் கடைவீதியையும் ஒட்டிப் பழைய லாட்ஜுகள் இன்னும் நடக்கின்றன. கீழே ஹோட்டலோ ஜவுளிக்கடையோ இருக்கும். பக்கவாட்டில் குறுகலான படி ஏறினால் நடுவில் நடை, இருபுறமும் அறைகள். இவற்றில் வருடக்கணக்கில் தங்கிப் பழகியவர்களுக்கு ஒன்று தெரியும்: கட்டினவர்கள் விட்ட குறை கொஞ்சம்தான், பின்னால் வந்தவர்கள் 'புதுப்பித்ததால்' வந்த தொல்லைதான் அதிகம்.

ராணி மங்கம்மாள் காலத்துச் சாலையோரச் சத்திரங்கள் தர்மத்துக்கு நடந்தவை. காசு வாங்கி அறை விடும் தொழில் ரயிலோடு வளர்ந்தது. திருநெல்வேலிக்கு 1876-இல் ரயில் வந்தது. செங்கோட்டைக் கணவாய் தாண்டிக் கொல்லம் வரை 1904-இல் ஓடியது. வாய்தாவுக்கு வந்தவர்கள், நெல் வியாபாரிகள், கம்பெனி ஏஜெண்டுகள் எல்லோருக்கும் ஒரு ராத்திரி தலைசாய்க்க இடம் வேண்டியிருந்தது. அந்த நாளில் சமையலறைதான் லாட்ஜின் உயிர். மாதச் சாப்பாட்டுக்காரர்களையும் எடுப்புச் சாப்பாட்டையும் நம்பியே பல இடங்கள் நின்றன. இன்று அந்த அடுக்களைகளில் பாதி செல்போன் கடையாகிவிட்டது. காலையில் காபிக்குத் தெருவுக்கு இறங்க வேண்டும் என்று நினைத்தே போங்கள்.

கட்டிடம் எந்தக் காலத்தது என்று அறையே சொல்லும். பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-இல். கரண்ட் எட்டாத காலத்து அறைகளில் சுவரில் விளக்கு மாடமும் கதவுக்கு மேல் காற்றுப்போக்கியும் இருக்கும். பதினொன்று, பன்னிரண்டு அடி உயரத்தில் கூரை. அந்தக் காற்றுப்போக்கியைக் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருந்தால் அறையின் பாதிச் சுகம் போயிற்று. அங்கே கொசுவலைக் கம்பி அடிப்பதே சரி. ஃபேனையும் பாருங்கள். உயரமான கூரையில் குட்டைக் கம்பியில் தொங்கினால் காற்று மேலேயே சுற்றும். இறக்கைகள் தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடிக்குள் இருக்குமாறு நீளக் கம்பி வேண்டும்.

இப்போது தட்டட்டி, அதாவது மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டின தட்டையான மாடிக்கூரை. தேக்கு அல்லது பனை உத்திரம், அதன்மேல் ஓரடி, ஒன்றேகாலடி இடைவெளியில் கட்டைகள், அதற்கு மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக நிறுத்தி மூலைவாட்டில் அடுக்கிய வரிசை, அதன்மேல் மூன்று, நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதைக் கடுக்காய், கருப்பட்டி ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் ஆட்கள் தட்டியிருப்பார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள்; அதுதான் தட்டோடு. நன்றாகத் தட்டின தட்டட்டி சித்திரை வெயிலிலும் அறையைச் சுடவிடாது. ஓட்டின் இணைப்புகளில் விரிசல் கண்டால் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் பொடி) வைத்துப் பூசினாலே போதும். ஆனால் நடப்பது வேறு. மேலே சிமெண்டு போட்டு மெழுகிவிடுகிறார்கள். சிமெண்டு விறைப்பானது; வெயிலில் கீழே இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து விரிந்து சுருங்காது. மயிரிழை போல வெடிக்கும். அந்த வெடிப்பில் ஐப்பசி மழை இறங்கும், ஆனால் ஆவியாகி மேலே போக வழி இருக்காது. தேங்கின ஈரம் கட்டைகளின் முனைக்கு, சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரும். மரம் உளுப்பது அங்கேதான்.

அதனால் அறைக்குள் நுழைந்ததும் மெத்தையைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். கட்டை சுவரில் நுழையும் இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா? கட்டிலின் மேல், ஜன்னல் விளிம்பில், மாவு போல மெல்லிய பொடி உதிர்ந்திருக்கிறதா? அது மரத்தைக் குடையும் உளுப் பூச்சியின் வேலை. சுவரோரமாக மண் கோடு ஏறினால் கரையான். இரண்டில் எது இருந்தாலும் வேறு அறை கேளுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். நல்ல மேனேஜர் அன்றைக்கே ஆளை மேலே அனுப்புவார்.

மேலே போகும் ஆள் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க வேண்டும். 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் ஒரு டன். அதைத் தட்டட்டியின் நடுவில் வைத்தால் உத்திரம் தொய்யும். கீழ் அறையின் கதவு நிலையில் இடிக்க ஆரம்பிப்பது முதல் அடையாளம். இரண்டு சுவர்களின் மேல் இரும்புக் கர்டர் போட்டு, பாரத்தைச் சுவரே தாங்கும்படி தொட்டியை வைக்க வேண்டும்.

சுவர் ஒன்றரை அடி கனம், சுண்ணாம்புச் சாந்து. கீழே இரண்டு மூன்று அடிக்கு உப்புப் பூத்து உதிர்வது சகஜம். வெள்ளையடித்த சுவர் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். டைல்ஸ் ஒட்டியோ எமல்ஷன் பெயிண்ட் அடித்தோ மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். டைல்ஸுக்கு மேல் அரை அடியில் பெயிண்ட் பொரிந்து நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அந்தச் சுவரோடு கட்டிலை ஒட்டிப் போடாதீர்கள்.

குளியலறை, கக்கூஸ் பெரும்பாலும் நடையின் கடைசியில், எல்லா அறைக்கும் பொதுவாக இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு சந்து இருக்கும். எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மனிதர்களே மலம் சுமந்து போன வழி அது. அந்தக் கொடுமைக்கு எதிரான சட்டம் 1993-இல்தான் வந்தது. பிறகு அதே சந்தில் செப்டிக் டேங்கைத் திணித்தார்கள். லாரி உள்ளே வராத சந்தாக இருந்தால் டேங்கை நேரத்துக்கு எடுக்க மாட்டார்கள். தண்ணீர் மெதுவாக இறங்குவதும் சாயங்காலம் வாடை வருவதும் அதன் விளைவுதான். குழாய் இரண்டு இருந்தால் எது ஆற்றுத் தண்ணி, எது போர்வெல் உப்புத் தண்ணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது.

வயரிங் பழசு என்றால் எச்சரிக்கை. சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கு உட்பட்டது. வெந்நீர் போடும் 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கும், சாக்கெட் கருகும். எர்த் இல்லாவிட்டால் பக்கெட்டைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம். வெந்நீரைக் கீழே கேட்டு வாங்குங்கள். செல் சார்ஜருக்கும் சின்ன இஸ்திரிப் பெட்டிக்கும் அந்த சாக்கெட் தாங்கும்.

மூட்டைப்பூச்சி மெத்தையின் தையலிலும் கட்டில் பொருத்துகளிலும் ஒளியும். செல் டார்ச் அடித்துக் கறுப்புப் புள்ளிகளைத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் மெத்தையைச் சுருட்டி வெளியே வைத்துவிட்டு, கோரைப்பாய் கேளுங்கள். பத்தமடை பக்கத்திலிருக்கிற ஊர்களில் பாய்க்குப் பஞ்சமில்லை.

எந்தப் பக்கத்து அறை என்பது ஊரைப் பொறுத்தது. தென்காசியில் ஆனி, ஆடியில் மேற்கு அறைதான் வரம். கணவாய்க் காற்றும் சாரலும் நேரே வரும். ஆனால் ஜன்னல் கதவுக்குக் கொண்டி சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ராத்திரி முழுக்க அடிக்கும். அம்பாசமுத்திரத்தில் கோடையில் மேற்கு அறை வேண்டாம். கனத்த சுவர் சாயங்காலம் வாங்கின சூட்டை நள்ளிரவில்தான் உள்ளே விடும். கிழக்கு அறையோ முற்றத்தைப் பார்த்த அறையோ நல்லது.

வாடகை பல இடங்களில் இன்னும் 24 மணி நேரக் கணக்குதான்; மத்தியானம் 12 மணிக் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள். 1000 ரூபாய்க்குக் கீழான அறைக்கு 2022 ஜூலை வரை ஜிஎஸ்டி இல்லை, இப்போது உண்டு. ஆனால் ஜிஎஸ்டி எண் வாங்காத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக வசூலிக்க முடியாது. ரசீதில் எண் இருக்கிறதா பாருங்கள்.

குற்றால சீசன், ஆடித்தபசு, ஆடி அமாவாசை சொரிமுத்தையனார் கோவில் கூட்டம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்கள் மறப்பது பங்குனி உத்திரத்தை. அன்றைக்குத் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோவிலுக்குச் சென்னை, மும்பையிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். இந்த லாட்ஜுகளில் பல ஆன்லைனில் கிடையாது. ஒரு மாதம் முன்னாலேயே போனில் சொல்லி, முன்பணம் அனுப்பி, அறை எண்ணையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.