பின்பக்கம் புதியவை, முன்பக்கம் பழையவை: ஜன்னல்களோடு சில ஆண்டுகள்

எங்கள் படுக்கையறையில் இருப்பது, மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் புதிய இரட்டைக் கண்ணாடி ஜன்னல்; அதன் கீழ்க்கதவில், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஈரம் படிந்துவிட்டது. உள்ளிருந்து துடைத்தாலும் வெளியிலிருந்து துடைத்தாலும் போகாத அந்த மங்கலைச் செலவு செய்து சரிப்படுத்திய கையோடு, அமெரிக்காவில் எங்களைப் போலவே வரலாற்றுப் பாதுகாப்பு வட்டாரம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், தம் வீட்டுப் பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் அப்படி. ஆகவே பதிலில் கொஞ்சம் சூடு இருந்தால் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருப்பதால் ஒப்பிடுவது எளிது. தெருவைப் பார்த்த ஜன்னல்களை மாற்ற நகரின் வரலாற்றுப் பாதுகாப்பு ஆணையம் ஒப்பவில்லை. பின்பக்கத்துக்கு மட்டும் அனுமதிச் சான்று தந்தது. இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு: 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் வட்டாரத்தின் பெயர் இருப்பதால் மட்டும், சொந்தப் பணத்தில் வீட்டை மாற்றுபவரை யாரும் தடுக்க முடியாது, கையைக் கட்டுவது உள்ளூர் விதிதான். அந்த உள்ளூர் ஆணையங்களில் பலவும், சிதைந்ததை மாற்றுவதைவிடப் பழுதுபார்ப்பதே முதல் வழி என்னும் கூட்டரசின் நெறிமுறையை ஒட்டித்தான் முடிவெடுக்கின்றன.

புதிய ஜன்னல்களுக்கு உரிய புகழை முதலில் கொடுத்துவிடுகிறேன். கடுங்குளிரிலும் அவற்றை ஒட்டி நாற்காலி போட்டு உட்காரலாம். ஒரு கையால் தூக்கினால் நிற்கின்றன. கதவை உட்புறமாகச் சாய்த்து வெளிப்பக்கக் கண்ணாடியையும் அறைக்குள்ளிருந்தே துடைக்க முடிவதால், மாடி ஜன்னலுக்கு ஏணி வைக்கும் வேலை ஒழிந்தது. மழைச்சாரல் எங்கிருந்தும் கசிந்ததில்லை. இவற்றில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை.

என் கோபமெல்லாம் அந்தக் கண்ணாடியின் மேல்தான். இரட்டைக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி ஓர் இடைப்பட்டை இருக்கும். அதற்குள் ஈரம் உறிஞ்சும் மணிகளும், அதன் வெளிப்புறத்தில் காற்றுப் புகாத பூச்சும் இருக்கும். வெயிலில் உள்ளே அடைபட்ட வாயு விரிகிறது, குளிரில் சுருங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி மூச்சு வாங்கி வாங்கிப் பூச்சு எங்கேனும் விட்டுப்போனால், உள்ளிருக்கும் ஆர்கான் வாயு வெளியேறி ஈரக்காற்று நுழைகிறது. மணிகள் உறிஞ்சும் வரை நமக்கு எதுவும் தெரியாது. அவை நிறைந்த பிறகுதான் மங்கல் தெரியும். அந்த நிலையில் அதைப் பிரித்துப் பழுதுபார்க்க முடியாது, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பார்வைக்கு ஆறு சிறு கண்ணாடிகள் கொண்ட கதவு அது. ஆனால் உண்மையில் ஒரே பெரிய இரட்டைக் கண்ணாடியின் இருபுறமும் மரச்சட்டங்களை ஒட்டி, ஆறாகத் தோன்றச் செய்திருக்கிறார்கள். சட்டத்தின் அகலம் பழையதைப் போலவே இருக்கிறதா என்று ஆணையம் அளவுகோல் வைத்துப் பார்த்தது. ஓர் மூலையில் பூச்சு விட்டதற்கு அந்த அழகிய சட்டங்களோடு கதவு முழுவதும் போயிற்று. உத்தரவாதம் கண்ணாடிக்கு உண்டாம், கூலிக்கு இல்லையாம்.

முன்பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடி உடைந்தபோது நடந்தது வேறு. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த காய்ந்த பட்டியைச் சுரண்டி எடுத்து, அளவுக்கு வெட்டிய கண்ணாடியை வைத்து, சிறு ஆணிகளால் நிறுத்தி, ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த பட்டியைப் பூசி, அது இறுகியதும் வண்ணம் அடித்தோம். மற்ற ஐந்து கண்ணாடிகளும் இருந்தபடியே இருந்தன. சுவருக்குள் தொங்கும் இரும்பு எடை, கப்பி, பருத்திக் கயிறு ஆகியவற்றால் இயங்கும் கதவில் அறுந்துபோகக்கூடியது கயிறு மட்டுமே. அதையும் மாற்றிக் கட்டிவிடலாம். நெருக்கமான வளையங்கள் கொண்ட, மெதுவாக வளர்ந்த பழங்காட்டு மரம் என்பதால் வண்ணம் உரிந்த இடத்திலும் உளுத்துப்போகவில்லை.

குளிருக்கு என்ன செய்தீர்கள் என்று நண்பர் கேட்பார். பழைய ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் ஸ்டார்ம் விண்டோ எனப்படும் கூடுதல் கண்ணாடி ஜன்னலைப் பொருத்தினோம். வெப்பம் எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதைக் காட்டும் யு-மதிப்பு, ஒற்றைக் கண்ணாடி மர ஜன்னலுக்கு அமெரிக்க அளவையில் ஏறத்தாழ 1.0, ஸ்டார்ம் விண்டோ சேர்ந்தால் சுமார் 0.5, கண்ணாடியின் மேல் வெப்பம் தடுக்கும் மெல்லிய படலமும் உள்ளே ஆர்கானும் கொண்ட புதிய இரட்டைக் கண்ணாடிக்குச் சுமார் 0.3. எண்களில் புதியதே வெல்கிறது, ஆனால் பெரிய தாண்டலை ஏற்கெனவே ஸ்டார்ம் விண்டோ தாண்டிவிடுகிறது. நான் எதிர்பாராதது தெருச் சத்தம் அடங்கியதைத்தான். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே உள்ள அகலமான காற்றுவெளி ஒலியை நன்றாகவே தடுக்கிறது; புதிய ஜன்னலின் குறுகிய இடைவெளியால் அந்த அளவுக்கு முடிவதில்லை.

பழையவற்றின் தொல்லைகளையும் மறைக்கக் கூடாது. 1978க்கு முன் அடித்த வண்ணத்தில் ஈயம் இருக்கலாம்; அந்த ஆண்டில்தான் வீடுகளுக்கான ஈய வண்ணம் தடை செய்யப்பட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உலர்வாகத் தேய்ப்பது ஆபத்து என்பதால், நனைத்துச் சுரண்டி, தூளைக் கவனமாக அகற்ற வேண்டும். ஆள் வைத்துச் செய்வதானால் அதற்கென்று சான்று பெற்ற நிறுவனம்தான் செய்யலாம். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கதவு இறுகும். பட்டியையும் வண்ணத்தையும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளாதவருக்கு இவை வேண்டவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு நண்பருக்கு என் பதில், மாற்றாதீர்கள் என்பதுதான். குறைந்தபட்சம், முதலில் ஒரே ஒரு ஜன்னலைச் செப்பனிட்டு, வெளியே ஸ்டார்ம் விண்டோ பொருத்தி, ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டு விற்பனையாளரிடம் பேசுங்கள். கண்ணாடி மங்கினால் கூலி யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்திட வேண்டாம். ஆனால் எங்கள் படுக்கையறையில் பழைய ஜன்னலைத் திரும்பப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால், குளிர்காலம் முடிந்ததும் வரச் சொல்வேன்.