நியூ ஜெர்சியின் எக்ஸ்ரே, ரேடியேஷன் லைசென்ஸ் முறை: எங்கள் வீட்டு அனுபவம்

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய்க்காக 28 நாள் ரேடியேஷன் போன மாதம் முடிந்தது. ஊரில் இதைக் கரண்டு வைப்பது என்பார்கள், அப்பாவும் கடைசி நாள் வரை அப்படியேதான் சொன்னார். மருத்துவமனையைப் பற்றி எழுதப் போவதில்லை. அந்த மெஷினை இயக்குகிறவர்களுக்கு அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் நியூ ஜெர்சி மாநில அரசு கொடுக்கும் லைசென்ஸைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அந்த 28 நாளும் அப்பா உண்மையில் நம்பிப் படுத்தது அவர்களை நம்பித்தான், டாக்டரை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்த்தோம்.

ஒன்பதாவது நாள் என்று நினைக்கிறேன். இடுப்பின் இரண்டு பக்கமும் முன்னாலும் பச்சை குத்திய மூன்று சின்னப் புள்ளிகளை வைத்து அப்பாவை நேராகப் படுக்க வைத்து, முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மெஷினை இயக்கிய பெண் உடனே வெளியே வந்து, சிறுநீர்ப்பை சரியாக நிறையவில்லை, இப்படியே கொடுத்தால் குடலுக்கும் சேர்த்துப் படும், எழுந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள் என்றார். வெளியே ஐந்து பேர் வரிசையில் இருந்தார்கள், ஆனாலும் அவசரப்படவில்லை. படத்தைப் பார்த்து "இன்று இப்போது கூடாது" என்று சொல்லத் தெரிந்த ஆள் அங்கே இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

காத்திருந்த அந்த அரை மணி நேரத்தில்தான் சுவரில் மாட்டியிருந்த லைசென்ஸ் நகல்களைப் படித்தேன். கொடுத்திருப்பது சுகாதாரத் துறை இல்லை, சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை! கதிர்வீச்சு சம்பந்தமான பெரும்பாலானவை இங்கே அந்தத் துறையின் கீழ்தான் வருகின்றன, பல ஆண்டுகளாக இந்த மாநிலத்தில் இருப்பவர்களுக்கே இது தெரியாது. ரேடியேஷன் சிகிச்சைக்குத் தனி லைசென்ஸ், பொதுவான எக்ஸ்ரேக்குத் தனி, அதற்குக் கீழே நெஞ்சு மட்டும், பல் மட்டும், எலும்பு மட்டும், பாதம் மட்டும் என்று குறுகிய லைசென்ஸ்கள். பல் எக்ஸ்ரே எடுக்க மட்டும் லைசென்ஸ் வாங்கியவர் உங்கள் இடுப்பைப் படம் எடுக்கக் கூடாது.

இதன் அருமை எனக்குத் தெரியக் காரணம், இதற்கு முன் நாங்கள் மிசூரியில் இருந்தோம். எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு அங்கே மாநில லைசென்ஸ் கிடையாது. மகன் விழுந்து முழங்கை வீங்கியபோது ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம், எங்கள் இன்சூரன்ஸ் அட்டையை வாங்கிப் பதிந்த அதே பெண்தான் உள்ளே வந்து எக்ஸ்ரேயும் எடுத்தார். கை சரியாகத் திரும்பவில்லை என்று மூன்று முறை எடுத்தார். பக்கத்தில் நின்ற என்னிடம் கர்ப்பமா என்றுகூடக் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். 1981இல் அமெரிக்க மத்திய அரசு இதற்கு ஒரு சட்டம் போட்டது, தகுதி எப்படி இருக்க வேண்டும் என்று வரையறுத்தது, ஆனால் ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம் என்று விட்டுவிட்டது. மார்பகத்துக்கு எடுக்கும் எக்ஸ்ரேயான மேமோகிராம் மட்டும் விதிவிலக்கு, 1992 சட்டத்தால் அதை எடுப்பவருக்கு நாடு முழுக்க ஒரே தகுதி. மார்பகத்துக்கு இருக்கிற கவனம் ஒரு குழந்தையின் முழங்கைக்கு ஏன் இல்லை?

குறைகளும் இருக்கின்றன. லைசென்ஸைச் சரிபார்க்க இணையத்தில் வசதி உண்டு, ஆனால் அந்தப் பக்கம் அலுவலகக்காரர்களுக்காகச் செய்தது போல இருக்கிறது, எங்கே சொடுக்குவது என்று கண்டுபிடிக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம், துறையின் கணக்கு கதிர்வீச்சோடு முடிந்துவிடுகிறது. எம்ஆர்ஐயிலும் அல்ட்ராசவுண்டிலும் அது இல்லை, அதனால் அவற்றை இயக்குகிறவர்கள் இந்த லைசென்ஸுக்குள் வரமாட்டார்கள். எம்ஆர்ஐ அறைக்குள் இரும்புச் சாமான் ஒன்று போனால் காந்தம் இழுத்து என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

லைசென்ஸ் இருந்தாலே தப்பு நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். பக்கத்து நியூயார்க் 1960களிலேயே லைசென்ஸ் கொண்டுவந்த மாநிலம், அங்கேயே 2005இல் நாக்குப் புற்றுநோய் வந்த ஒருவருக்கு, கதிரை மறைக்க வேண்டிய தகடுகள் திறந்தபடியே இருந்ததால், மூன்று நாள் தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மடங்கு கதிர்வீச்சு போய்விட்டது. கம்ப்யூட்டர் செய்த கோளாறு, திரையைக் கவனிக்காமல் விட்டது மனிதர்கள். அதனால்தான் அந்த ஒன்பதாவது நாள் எனக்கு மறக்கவில்லை.

நியூ ஜெர்சியின் இந்த லைசென்ஸ் முறைக்கு என் மதிப்பு ஐந்துக்கு நான்கு. நீங்கள் நியூ ஜெர்சியில் இருந்தால் எக்ஸ்ரே அறைக்குப் போகும்போது சுவரைப் பாருங்கள், பெயர், எந்த வகை, எந்தத் தேதி வரை செல்லும் என்று மூன்றையும் படியுங்கள். காணவில்லை என்றால் கேளுங்கள். நம் ஆட்கள் கேட்கத் தயங்குவார்கள், நானும் தயங்கித்தான் கேட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, "இதோ என்னுடையது" என்று தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்.