நாற்பது கொண்டை ஊசிக்கும் ஒரே கியர்

போன மாசி மாதம் ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டி வால்பாறைக்கு ஏறிக்கொண்டிருந்தோம். பதினைந்தாவது வளைவு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, என் தங்கை வீட்டுக்காரர், ரொம்ப நேரம் என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தவர் கேட்டார்: "என்னங்க மச்சான், கீழ இருந்து ஒரே கியர்லயே வர்றீங்க? அப்புறம் எதுக்குங்க இதுல க்ளச்சு?"

கேலியாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். எனக்கும் அந்த நேரத்தில் பதில் சொல்ல வரவில்லை. மூன்று வருடமாக மனதில் உறுத்திக்கொண்டிருந்ததை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

வண்டி, போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0. ஆறு கியர் மேனுவல். வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், தொழில் கோவையில் ஒரு சின்ன பவுண்டரி. வேலந்தாவளம் வழியாகத் தினமும் எல்லையைத் தாண்டுகிறவன்தான், ஆனால் அதற்கு வேறு வண்டி இருக்கிறது. கேமன் வெளியே வருவது ஞாயிற்றுக்கிழமையும், மழை இல்லாத விடிகாலையும்தான். அப்படியே 21,000 கி.மீ. ஓடிவிட்டது. பெரிய கோளாறு எதுவும் இல்லை. டயர், பிரேக், சர்வீஸ் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. ஸ்டீயரிங் பற்றி மட்டும் ஒரு வரி: சாலையில் கிடக்கும் கூழாங்கல் எந்தச் சக்கரத்தில் பட்டது என்றுகூடக் கைக்குத் தெரியும். அப்படி ஒரு ஸ்டீயரிங். இனி கியர் விஷயத்துக்கு வருகிறேன்.

சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். பின்பக்கப் பல்சக்கரம் சின்னதாக இருந்தால் ஒரு மிதிக்கு வண்டி நெடுந்தூரம் போகும், ஆனால் மேட்டில் தொடை வலிக்கும். பெரிதாக இருந்தால் மேடு சுலபம், சமதளத்தில் காலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காரில் இந்த வேலையைக் கியர்பாக்ஸும், அதற்குப் பின்னால் எல்லாக் கியருக்கும் பொதுவாக இருக்கும் ஃபைனல் டிரைவ் என்ற பல்சக்கர ஜோடியும் சேர்ந்து செய்கின்றன. எண் பெரிதானால் சைக்கிளின் பெரிய பல்சக்கரம் மாதிரி. என் வண்டியில் இரண்டாவது கியர் 1.95, மூன்றாவது 1.41, ஃபைனல் டிரைவ் 3.89. என்ஜின் நிமிடத்துக்கு 7,800 சுற்று வரை போகும். பின் டயர் அளவையும் வைத்துக் கணக்குப் போட்டால் முதல் கியரிலேயே 79 கி.மீ. வேகம் வருகிறது. இரண்டாவதில் 134. மூன்றாவதில் 186.

அந்த 134-ஐ இன்னொரு தடவை பாருங்கள். கேரளத்தில் ஆறுவழி தேசிய நெடுஞ்சாலையில் காருக்கு உச்ச வரம்பு 110, நான்குவழியில் 100. ஆக, சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினால் இந்த வண்டியின் இரண்டாவது கியரை ஒருநாளும் முழுதாகப் பயன்படுத்த முடியாது. மூன்றாவதுக்குப் போக வேண்டிய கட்டாயமும் வராது.

வேகம் போதவில்லை என்று நான் குறைப்படவில்லை. 400 குதிரைத்திறன் உள்ள வண்டி, நூறைத் தொட 4.5 விநாடி. என் குறை வேறு. இந்த என்ஜின் டர்போ இல்லாத நான்கு லிட்டர், ஆறு சிலிண்டர். இதன் உயிர் 5,000 சுற்றுக்கு மேல்தான் இருக்கிறது. உச்ச டார்க்கான (சுழற்றும் விசை) 420 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 5,000 முதல் 6,500 வரை, உச்ச சக்தி 7,000-இல். அதற்குக் கீழே சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் பாடாது. இரண்டாவது கியரில் 5,000 சுற்று என்றால் வேகம் 86 கி.மீ. வால்பாறைச் சாலையில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே, எதிரே பஸ் வரும், வரையாடு நிற்கும் என்ற நினைப்போடு ஓட்டுகிறவன் 55, 60-க்கு மேல் போக மாட்டான், போகவும் கூடாது. அந்த வேகத்தில் இரண்டாவது கியரில் ஓடுவது 3,200 முதல் 3,500 சுற்று. அதாவது என்ஜினின் நல்ல பகுதி தொடங்குவதற்கு முன்பே அடுத்த வளைவு வந்துவிடும். நாற்பது வளைவிலும் இதே கதை.

வளைவுக்குள் நிலைமை இன்னும் மோசம். இறுக்கமான கொண்டை ஊசியில் மேல்நோக்கித் திரும்பும்போது வேகம் 20-க்கு வந்துவிடும். இரண்டாவது கியரில் அது 1,150 சுற்று. வண்டி முனகும். முதல் கியருக்கு இறக்கினால் 2,000. இழுவை இருக்கும், ஆனால் பெடலில் கால் கொஞ்சம் அழுந்தினாலும் துள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது. முதல் கியரை ரெட்லைன் வரை, அதாவது அந்த 7,800 வரை, இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால்கூடச் சுற்றைக் காட்டும் முள் 4,600-க்கு விழுந்துவிடுகிறது. அந்த நல்ல 5,000-க்குக் கீழே.

மாப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்ட கொஞ்ச நேரத்தில் ஓர் அரசுப் பேருந்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். எனக்கு அவசரம் இல்லை, பின்னாலேயே போனேன். பேருந்தின் பின்கண்ணாடி வழியாக, கூட்டம் விலகும்போதெல்லாம் ஓட்டுநரின் இடது தோள் தெரிந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அது இறங்கி ஏறியது. வளைவுக்கு முன் ஒரு கியர் குறைப்பு, திரும்பி நிமிர்ந்ததும் ஒரு கியர் கூட்டல், என்ஜின் சத்தம் ஏறி இறங்கி ஏறி. அத்தனை ஆளையும் மூட்டையையும் சுமந்துகொண்டு அந்த மனிதர் செய்ததுதான் ஓட்டுதல். அந்த வேலைக்காகத்தான் நான் மேனுவல் வாங்கினேன். ஏழு கியர் பிடிகே ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தால் நூறைத் தொடுவது அரை விநாடி சீக்கிரமாகியிருக்கும். அந்த அரை விநாடியை விட்டுக்கொடுத்தது கைக்கு வேலை வேண்டும் என்றுதான்.

என்னுடைய முதல் கார் பழைய ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர். அந்த வண்டியில் இதே சாலையில் ஏறும்போது இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கை ஓயாது. வேகம் என்னவோ 60-தான். ஆனால் மேலே அட்டகட்டியில் இறங்கித் தேநீர் குடிக்கும்போது ஏதோ செய்து முடித்த நிறைவு இருக்கும். அந்த நினைவுதான் கேமனைப் பற்றிய என் எதிர்பார்ப்பாக மாறியது என்று இப்போது தோன்றுகிறது.

சரி, கம்பெனி ஏன் இப்படி வைத்தது? இந்த வண்டியின் உச்ச வேகம் 293 கி.மீ. ஆறாவது கியரில் அந்த வேகத்தை எட்டும்போது என்ஜின் ஓடுவது ஏறக்குறைய 7,070 சுற்றில். உச்ச சக்தி கிடைப்பது 7,000-இல் என்று மேலே சொன்னேன். இரண்டும் இவ்வளவு பொருந்துவது தற்செயலாக இருக்க முடியாது. வேக வரம்பில்லாத ஜெர்மன் ஆட்டோபான் நெடுஞ்சாலையை மனதில் வைத்து ஆறாவதை முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவதிலேயே நூறைத் தாண்டிவிட்டால், பூஜ்யத்திலிருந்து நூறுக்கு ஒரே ஒரு கியர் மாற்றம் போதும். சுற்று குறைந்தால் எரிபொருளும் மிச்சம். மென்மையாக ஓட்டும்போது மூன்று சிலிண்டர்கள் தூங்கிவிடும் ஏற்பாடு வேறு இதில் இருக்கிறது. அவர்கள் ஊருக்கு இதெல்லாம் நியாயம்.

நம் ஊரிலும் இந்த நீளமான, அதாவது அதிக வேகம் வரை போகிற, இரண்டாவது கியர் இனிக்கிற ஓர் இடம் உண்டு. பாலக்காடு தாண்டி, திருச்சூர் போகும் வழியில், பன்னியங்கரை சுங்கச்சாவடி. அங்கே நின்று கிளம்பும்போது முதல் கியரில் 50 வரை, அப்புறம் இரண்டாவது. ஆறுவழிச் சாலை, முன்னால் யாரும் இல்லை என்றால் ஒரே மூச்சில் 110 வரை. முள் 3,000-இல் தொடங்கி 6,400-ஐத் தொடும். 5,000-ஐத் தாண்டும் கணத்தில் முதுகுக்குப் பின்னால் சத்தம் மாறும் பாருங்கள், அதைச் சட்டத்தை மீறாமல் முழுதாகக் கேட்க முடிவது அங்கே மட்டும்தான். நடுவில் கியர் மாற்றம் குறுக்கிடாமல் அந்த ஏற்றம் நீளமாகக் கிடைப்பது இந்தக் கியரின் புண்ணியம். குறுகிய கியராக இருந்தால் நடுவில் ஒரு தடவை அறுந்திருக்கும். அப்புறம் கொஞ்ச தூரத்தில் குதிரான் சுரங்கம், 2021-இல் திறந்தது, கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அதில் வேகத்தைக் கூட்ட மாட்டேன். கண்ணாடியை இறக்கி, 80-இல் ஆறாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்குவேன். 4,600 சுற்று. என் மகள் இதற்காகவே கூட வருவாள்.

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கும் இரண்டு தடவை கொண்டுபோனேன். 2.1 கி.மீ. சுற்று, நெருக்கமான வளைவுகள். அங்கேயும் இரண்டு, மூன்று என்ற இரண்டு கியர்தான், ஆனால் ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுக்க முடிந்தது. இந்த வண்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் திரும்பிய நாட்கள் அவை.

இதற்கு மருந்து இருக்கிறது. ஃபைனல் டிரைவை மாற்றி எல்லாக் கியரையும் குறுக்கலாம். வெளிநாட்டில் பலர் செய்கிறார்கள். 15 சதவீதம் குறுக்கினால் இரண்டாவது கியர் 117-இல் முடியும், 5,000 சுற்று 75 கி.மீ.-லேயே வந்துவிடும். ஆறாவதில் நூறு போகும்போது இப்போது 2,400 சுற்று, அது 2,770 ஆகும். கியர்படி எட்டக்கூடிய உச்சம் 280-க்கு இறங்கும். பாலக்காட்டுக் கணவாயில் யாருக்கு அதற்கு மேல் வேண்டும்? வண்டி வாங்கிய இடத்தில் விசாரித்தேன். கியர்பாக்ஸைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன். வாரண்டி முடிய இன்னும் பதினொரு மாதம்.

அதுவரை ஓட்டுகிற விதத்தை மாற்றிக்கொண்டேன். முதல் கியர் என்பது கிளம்புவதற்கு மட்டும் என்று நமக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்னதை இந்த வண்டியில் மறக்க வேண்டியிருந்தது. மலையில் இதன் முதல் கியர், சாதாரண வண்டியின் இரண்டாவது கியர் மாதிரி. 40-இல் 3,900 சுற்று, 50-இல் 4,900. வளைவுக்கு முன்னால் பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துவிட்டு, 30-க்குக் கீழே வந்ததும் க்ளச்சை மிதித்து நியூட்ரல், க்ளச்சை விட்டு ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, மறுபடி க்ளச், முதல் கியர். டபுள் க்ளச் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் செய்ததே. அப்படிச் செய்தால் லீவர் அடம்பிடிக்காமல் உள்ளே போகிறது, வண்டியும் துள்ளுவதில்லை. ஸ்போர்ட் மோடில் தானாகவே சுற்றைக் கூட்டித்தரும் வசதி இருக்கிறது. நான் அணைத்து வைத்திருக்கிறேன். இருக்கிற கொஞ்ச வேலையையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க மனசில்லை.

இதைப் பழக எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. முதலில் இரண்டு வளைவில் சரியாக வந்தால் மூன்றாவதில் தவறும். மழை பெய்து நனைந்த சாலையில் செய்யவே மாட்டேன், முதல் கியரின் இழுவைக்குப் பின்சக்கரம் வழுக்கும்.

யாராவது இந்த வண்டியை மேனுவலில் வாங்கலாமா என்று கேட்டால் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஷோரூமைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உங்கள் ஊர் மலைச்சாலையின் வேகத்தை நினைத்து, இரண்டாவது கியரில் 50-இல் அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்த 2,900 சுற்றுச் சத்தத்தோடு உங்களால் சந்தோஷமாக இருக்க முடியுமா என்று அங்கே தெரிந்துவிடும்.

போன வாரம் மாப்பிள்ளையோடு மறுபடி வால்பாறை போனேன். அங்கிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குவதாகத் திட்டம். மாலையானால் காட்டுக்குள் விடமாட்டார்கள், அதனால் விடியும்போதே கிளம்பிவிட்டோம். ஏறும்போது ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயிண்ட். அதற்கு முன்னால் முதல் கியருக்கு இறக்கி, திரும்பி, 55-இல் இரண்டாவதுக்கு மாற்றினேன். அடுத்த வளைவிலும் அப்படியே. அவர் ஒன்றும் பேசவில்லை. அட்டகட்டி வந்து இறங்கியதும், "நானும் இந்த டபுள் க்ளச்சைப் பழகோணுங்க மச்சான்" என்று சாவிக்குக் கை நீட்டினார். கொடுத்தேன்.