மாட்சா என்று விற்கப்பட்ட பச்சைத் தூள்: வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

ஒசாகாவுக்கு வேலைக்கு வந்து நான்காம் ஆண்டு நடக்கிறது. மாட்சா எனப்படும் ஜப்பானியத் தூள் தேநீரை வீட்டிலேயே மரபு முறைப்படி தயாரிக்கப் பழக வேண்டும் என்ற ஆசையில், 30 கிராம் டப்பாவும் சாசென் எனப்படும் மூங்கில் கடைகோலும் சேர்ந்த தொகுப்பு ஒன்றை, சென்ற மார்ச் மாதம் ஓர் இணையக் கடையில் 5,400 யென் கொடுத்து வாங்கினேன். வெளிநாட்டவருக்காக முழுவதும் ஆங்கிலத்தில் நடத்தப்படும் கடை அது. பக்கம் நிறையக் கல் திரிகை சுழலும் படங்கள். டப்பாவின் முகப்பில், தேயிலைக்குப் பெயர்போன கியோட்டோப் பகுதி ஊரான 'ஊஜி', சடங்குக்கு ஏற்ற தரம் என்று பொருள்படும் 'செரிமோனியல் கிரேடு' என்ற இரண்டு பெயர்கள். ஜப்பானிய எழுத்துகளைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

உசுச்சா என்னும் நீர்த்த வகைத் தேநீருக்கு, சுமார் 2 கிராம் தூளைச் சலித்துக் கிண்ணத்தில் இட்டு, கொதித்து இறக்கி 80 டிகிரி அளவுக்கு ஆறிய நீரை 60 முதல் 70 மில்லி வரை ஊற்றி, மணிக்கட்டை மட்டும் அசைத்துச் சாசெனால் முன்னும் பின்னும் விரைவாக அடிக்க வேண்டும். அப்படியே செய்தேன். நுரை பெரிய குமிழிகளாக எழுந்து, கிண்ணத்தைக் கையில் எடுப்பதற்குள் அடங்கிவிட்டது. நிறமோ பழுத்த வெற்றிலையின் நிறம். குடித்து முடித்தால் அடியில் நறநறவென்று ஒரு வண்டல், தொண்டையில் விலகாத கசப்பு. நீரின் சூட்டைக் குறைத்தேன், இரண்டு முறை சலித்தேன், காணொளிகளைப் பார்த்துக் கைப்பிடியை மாற்றினேன். இரண்டு வாரம் என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், தேநீர்ச் சடங்கு கற்பிக்கும் முதிய அம்மையார் ஒருவர் இருக்கிறார். ஆசிரியரை அழைக்கும் சொல்லால், "சென்செய், என் கை எங்கே பிழைக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று டப்பாவோடு அவரிடம் போனேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளில் தம்முடைய தூளில் ஒரு சிட்டிகையும் என்னுடையதில் ஒரு சிட்டிகையும் வைத்து, விரலால் இழுத்துக் காட்டினார். அவருடையது மை தீட்டியது போல ஒரே கோடாக நீண்டது; என்னுடையது திட்டுத்திட்டாக உதிர்ந்தது. பிறகு டப்பாவைத் திருப்பி, ஆங்கில ஒட்டுத்தாளின் விளிம்பை நகத்தால் நெருடி, "இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறதே, பார்த்தீர்களா?" என்றார். கெண்டியின் ஆவியில் காட்டி உரித்தோம். அடியில், ஜப்பானியச் சட்டம் கேட்கும் விவரக் கட்டம் இருந்தது. பொருளின் பெயர் என்ற வரியில் 'மாட்சா' என்று இல்லை. 'ஃபுன்மட்சு ரியோகுச்சா', அதாவது பொடித்த பச்சைத் தேயிலை என்றிருந்தது. ஊஜி என்ற சொல் எங்கும் இல்லை. 'உள்நாட்டுத் தேயிலை' என்பதோடு சரி.

இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. மாட்சாவுக்கான செடிகளைப் பறிப்புக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் பந்தலிட்டு நிழலில் வைத்து, பறித்த இலையை ஆவியில் அவித்து, உருட்டாமல் உலர்த்தி, காம்பும் நரம்பும் களைந்தால் கிடைப்பது தென்ச்சா. அதை அரைத்தால்தான் மாட்சா. கல் திரிகை ஒன்று மணிக்கு 40 கிராம் அளவே அரைக்கும். வெயில் பட்டால் துவர்ப்பாக மாறிவிடும் தியானின் என்ற பொருள் நிழலில் இலையிலேயே தங்குவதால்தான் அந்த இனிமை வருகிறது. எனக்கு வந்தது வெயிலில் வளர்ந்த செஞ்சா என்னும் வழக்கமான பச்சைத் தேயிலையை இயந்திரத்தில் பொடித்தது என்பது சென்செயின் கணிப்பு. அது கெட்ட பொருள் என்று சொல்ல மாட்டேன்; சுழல் சுஷிக் கடைகளில் மேசைமேல் இலவசமாக வைத்திருப்பார்களே, அந்த வகைதான்.

'செரிமோனியல் கிரேடு' என்பதற்குச் சட்ட வரையறை எதுவும் கிடையாது. எந்தத் தூளின் மீதும் ஒட்டலாம். 'ஊஜி தேயிலை' என்பதற்கோ கியோட்டோவின் தேயிலைச் சங்கம் 2004இல் வகுத்த வரையறை உண்டு: கியோட்டோ, நாரா, ஷிகா, மிஎ ஆகிய நான்கு மாகாணங்களில் விளைந்து, கியோட்டோவில் இறுதிப் பக்குவம் செய்யப்பட்டிருக்க வேண்டும். 2024 இலையுதிர் காலத்தில் மாட்சாத் தட்டுப்பாட்டால் கியோட்டோவின் பழைய கடைகளே விற்பனைக்கு அளவு வைத்த பிறகு, இத்தகைய ஒட்டுத்தாள் வியாபாரத்துக்கு நல்ல காலம் பிறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சாசெனின் கதையில் பாதிக் குற்றம் என்னுடையது. அடிப்பதற்கு முன் அதன் கீற்றுகளை வெந்நீரில் நனைக்க வேண்டும் என்று தெரியாமல், உலர்ந்தபடியே பயன்படுத்தினேன். ஐந்தாம் நாள் ஒரு மூங்கில் கீற்று முறிந்து தேநீரில் மிதந்தது. ஆனால் அதை, சாசெனுக்குப் பெயர்போன நாராவின் தகாயாமாவில் செய்தது என்று சொல்லி விற்றவர்கள், பெட்டியில் எந்த இடத்தின் பெயரையும் அச்சிடவில்லை.

கடைக்கு எழுதியபோது, திறந்த உணவுப்பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்ற விதியைக் காட்டினார்கள். ஜப்பானில் இணையவழிக் கொள்முதலுக்கு, காரணம் சொல்லாமல் குறித்த நாள்களுக்குள் ரத்து செய்யும் 'கூலிங் ஆஃப்' உரிமை இல்லை. கடை அறிவித்த விதியே செல்லும். ஆகவே 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். மனம் மாறியதால் திருப்பிக் கொடுப்பதும் பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் வெவ்வேறு வழக்குகள் என்று விளக்கிய ஆலோசகர், ஒட்டுத்தாள், அடிக்கட்டம் இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பி மூன்று வாரம் கழித்து டப்பாவுக்குரிய 3,800 யென் திரும்பி வந்தது. சாசெனுக்கு எதுவும் வரவில்லை.

அதே டப்பா அதே பெயரில் இன்றும் விற்பனையில் உள்ளது. டப்பாவின் பின்பக்கத்தில் உள்ள ஜப்பானிய விவரக் கட்டத்தைப் படமெடுத்து அனுப்ப முடியுமா என்று, புதிதாக வாங்குபவரைப் போலச் சென்ற வாரம் கேட்டுப் பார்த்தேன். இதுவரை பதில் இல்லை.